சலேத் மலையும் அதன் மக்களும்

நமது ஆலயத்தின் பக்கப் பீடத்தில் கண்ணீர் சிந்தும் அன்னையின் சுரூபம் இருக்கிறது. அன்னையின் மார்பில் தொங்கும் பாடுபட்ட சுரூபத்தின் ஒரு பக்கத்தில் சுத்தியலும் மறுபக்கத்தில் குறடும் காணப்படும். மறைக்கல்விச் சிறுவர்கள், "சாமி, மாதாவுக்கு ஏன் தச்சருடைய சாமான்கள்?" என்று கேட்பதுண்டு. இப்பொன்விழா மலரில் அதற்கு விடை கூற விழைகின்றோம். அதற்குமுன் அன்னை வந்து நின்ற ஊரையும் அவ்வூர் மக்களையும் அறிந்துகொள்வது நலம்.

மலையும் மண்ணும்

பிரான்சு நாட்டின் தென்கிழக்கே, ஆல்ப்ஸ் மலைத்தொடரில், இசேர் மாவட்டத்தில் அமைந்துள்ளது லா சலேத் ஃபல்லாவோ. அந்நாட்டில் ஆட்சிமுறையின் மிகச் சிறிய அலகைக் 'கொம்யூன்' என்பர். ஏறத்தாழ நம் ஊராட்சியைப் போன்றது. அதற்கென ஒரு மேயரும் மன்றமும் உண்டு. லா சலேத் என்பது ஒரே கிராமமன்று; மலைச்சரிவெங்கும் சிதறிக் கிடக்கும் பல குக்கிராமங்களின் தொகுப்பு. அருகிலுள்ள சிற்றூர் கோர். 1815 ஆம் ஆண்டு எல்பாத் தீவிலிருந்து திரும்பிய நெப்போலியன் மார்ச் 6 இரவு தங்கியது அங்கேதான். ஆயரின் நகரமான கிரனோபிள் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது.

ஊருக்கு மேலே, ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில், மரமில்லாப் புல்வெளிகள் பரந்துள்ளன. கார்கா சிகரம் 2,200 மீட்டரைத் தாண்டும். குளிர்காலத்தில் பனி மூடிவிடும். எஞ்சிய மாதங்களில் கோதுமை, கம்புக் கோதுமை, உருளைக்கிழங்கு பயிரிட்டு, கால்நடைகளை மேய்த்து மக்கள் வாழ்ந்தனர். வயிற்றுப்பாட்டிற்காக ஏழைகள் தம் பிள்ளைகளை மாடு மேய்க்கக் கூலிக்கு விட்டனர்.

அன்று நடந்தது

1845 முதல் ஐரோப்பாவெங்கும் உருளைக்கிழங்கு அழுகல் நோய் பரவியது. அயர்லாந்தில் மட்டும் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் மடிந்தனர். லா சலேத் மலையிலும் பஞ்சத்தின் அச்சம் சூழ்ந்திருந்தது.

அந்நிலையில் 1846 செப்டம்பர் 19, சனிக்கிழமை. அப்லாந்தேன் என்ற குக்கிராமத்தில் கூலிக்கு இருந்த மெலானி கல்வா, மாக்சிமின் ஜிரோ ஆகிய இருவரும் பசுக்களை மேய்க்க மலையேறினர். மெலானிக்கு வயது 15 நிறையவில்லை; மாக்சிமினுக்கு 11. இருவரும் கோர் ஊரினர். ஆயினும் ஓரிரு நாட்களுக்கு முன்தான் பழகியவர்கள். படிப்பறியார்; செபமும் சரிவர அறியார். அங்கே பேரொளியினுள், முகத்தைக் கைகளில் புதைத்து அழுதுகொண்டிருந்த ஒரு பெண்மணியைக் கண்டனர்.

ஞாயிறு கடனை மறந்ததையும், தம் மகனின் பெயரை இழித்துரைத்ததையும் எண்ணி அன்னை வருந்தினார். அவர் முதலில் பேசியது பிரெஞ்சு மொழி. உருளைக்கிழங்கிற்குப் பிரெஞ்சில் வழங்கும் சொல் 'நிலத்து ஆப்பிள்' என்று பொருள்படும். சிறுமி அது விளங்காமல் விழித்தாள். அதைக் கண்ட அன்னை, அவர்களுடைய மலைநாட்டுப் பேச்சிலேயே தொடர்ந்து பேசினார். திருவழிபாட்டில் தாய்மொழிக்கு இரண்டாம் வத்திக்கான் சங்கம் இடமளித்தது 1963 இல். அன்னையோ அதற்கு 117 ஆண்டுகளுக்கு முன்பே ஏழைச் சிறுவரின் பேச்சில் பேசினார்!

இன்னொன்றும் நம் நெஞ்சைத் தொடுகிறது. கெட்டுப்போன கோதுமையைக் கண்டதுண்டா என்று அன்னை கேட்க, இல்லை என்றனர் பிள்ளைகள். கோர் அருகே ஒரு வயலில் தந்தையுடன் கண்டதையும், திரும்பும் வழியில் தந்தை ரொட்டித் துண்டைக் கொடுத்து, அடுத்த ஆண்டு இதுவும் கிடைக்குமோ என்று கவலைப்பட்டதையும் அன்னை மாக்சிமினுக்கு நினைவூட்டினார். அத்தந்தை வண்டிச் சக்கரம் செய்யும் தொழிலாளி. கோவிலை மறந்து மதுக்கடையே கதியென்றிருந்தவர். தம் மகனுக்காகத் தாம் பட்ட கவலையை விண்ணகம் அறிந்திருந்தது என்று கேட்டபோது அவர் மனம் உடைந்தது. மீண்டும் திருப்பலிக்கு வந்தார்.

ஊரார் எளிதில் நம்பிவிடவில்லை. மறுநாள் பங்குத்தந்தை கண்ணீரோடு மறையுரையில் இதைக் கூறினார். மேயரோ மெலானியை விசாரித்தார், மிரட்டினார், பணமும் காட்டினார். அவள் அசையவில்லை. அன்று மாலையே அவளுடைய எசமானர் உட்பட ஊரார் மூவர் அவள் சொன்னதை எழுதிவைத்தனர். கிரனோபிள் ஆயர் ஃபிலிபெர் த புருயார் ஐந்தாண்டுகள் ஆராய்ந்து, 1851 செப்டம்பர் 19 அன்று இக்காட்சி நம்பத்தக்கது என அறிவித்தார். 1852 மே 25 இல் ஆலயத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1879 இல் அது பேராலய நிலைக்கு உயர்த்தப்பட்டது.

காட்சி கண்ட இருவரும் உலகில் சுகம் காணவில்லை. குருத்துவப் படிப்பு, மருத்துவப் படிப்பு, போர்ச் சேவை என எதிலும் நிலைக்காத மாக்சிமின், 1875 இல் 39 வயதில் வறுமையில் இறந்தார். அவருடைய இதயம் பேராலயத்தில் வைக்கப்பட்டுள்ளது. பல மடங்களில் அலைந்த மெலானி 1904 இல் இத்தாலியில் மறைந்தார். தெரிந்துகொள்ளப்படுவது வேறு, சுகமாய் வாழ்வது வேறு என்பதை இவர்கள் நமக்குக் கற்பிக்கின்றனர்.

நம் மலைக்கு வந்த அன்னை

மதுரை மறைத்தளத்தில் உழைத்த பிரெஞ்சு நாட்டுச் சேசு சபைக் குரு லூயி சேன் சிர் அடிகளார், 1866 இல் கொடைக்கானலில் சலேத் அன்னைக்கு ஆலயம் எழுப்பினார். ஆண்டுதோறும் ஆகஸ்டு 14, 15 நாட்களில் அங்கு நடைபெறும் தேர்ப்பவனியில் நம் பங்கினர் பலர் கலந்துகொண்டுள்ளனர். ஆல்ப்ஸ் மலையிலுள்ள திருத்தலத்தைவிட நம் கொடைமலை உயரமானது!

லா சலேத் ஊராட்சியில் இன்று 100 பேருக்கும் குறைவானவர்களே வாழ்கின்றனர். பிழைப்பைத் தேடி இளைஞர்கள் நகரங்களுக்கு இறங்கிவிட்டனர். திருப்பயணிகளோ உலகெங்குமிருந்து மலையேறுகின்றனர். ஊர் சிறுத்தது, செய்தி வளர்ந்தது.

நம் பிள்ளைகளும் வேலைக்காக வெளியூர் செல்கின்றனர். நம்மால் அவர்களைத் தடுக்க இயலாது, தடுக்கவும் வேண்டாம். ஆனால் ஞாயிறு திருப்பலியை மறவாமல் செல்கின்றார்களா? பிள்ளையின் பசிக்காகக் கவலைப்படும் தந்தையர், அவன் ஆன்மாவிற்காகவும் கவலைப்படுகின்றோமா?

இனிச் சிறுவரின் கேள்விக்கு வருவோம். சுத்தியல் நம் பாவங்கள். ஆண்டவரின் திருக்கரங்களில் ஆணி அறைவது அது. குறடு நம் மனமாற்றம். அந்த ஆணியைப் பிடுங்குவது அது. இவ்விரண்டில் எதைக் கையில் எடுத்தோம் என்று, ஐம்பது ஆண்டுகளைக் கடந்த பங்குக் குடும்பமாக நாம் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்ப்போமாக. சலேத் அன்னை நமக்காகப் பரிந்து பேசுவாராக!