கிழக்கே இறங்கிய சரக்கு

இன்று மூணாறுக்குப் போகிறவர்களில் பலர் ஆலுவாவில் இறங்கி, நேரியமங்கலம் பாலம் தாண்டி மலையேறுகிறார்கள். ஊர் கேரளத்தில் இருக்கிறது. அதன் வாசலும் மேற்கே பார்த்துத்தான் இருக்கும் என்று யாருக்கும் தோன்றும். நூறு வருஷத்துக்கு முன்பு சரக்கு போன வழி வேறு. கண்ணன் தேவன் மலையின் தேயிலைப் பெட்டிகள் கிழக்கே போடிநாயக்கனூர் வழியாக இறங்கி, ரயிலேறி, தூத்துக்குடியில் கப்பலைப் பிடித்தன. எஸ்டேட் லயங்களில் உலை வைக்க அரிசியும் போடிப் பக்கமிருந்தே மேலே போனது.

1877ல் ஜான் டேனியல் மன்றோ இந்த மலையைப் பூஞ்சாறு அரச குடும்பத்திடமிருந்து குத்தகைக்கு வாங்கினார். 1880 வாக்கில் ஏ.எச். ஷார்ப் பார்வதி என்ற இடத்தில் முதல் தேயிலையை நட்டார். 1897ல் கண்ணன் தேவன் ஹில்ஸ் புரொடியூஸ் கம்பெனி வந்தது. செடி வளர்ந்துவிட்டது. இலையைக் காயவைத்துப் பெட்டியில் அடைத்தும் ஆயிற்று. அதைக் கீழே கொண்டுபோவதுதான் பெரும்பாடு.

அதற்குக் கம்பெனி கண்ட வழி வேடிக்கையானது. மூணாறிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக மலை விளிம்பு வரை 1902ல் ஒரு பாதை வெட்டி, அதில் ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். வண்டியின் சிறு சக்கரம் தண்டவாளத்தில் ஓடும். வண்டி சாயாமல் இருக்க ஒரு பெரிய சக்கரம் தரையில் உருளும். இழுத்தது இஞ்சின் அல்ல, மாடு. 1908ல் அதை எடுத்துவிட்டு இரண்டடி அகலத்தில் குறும்பாதை ரயில் விட்டார்கள். அந்தப் பாதை முடிந்த இடத்துக்கு டாப் ஸ்டேஷன் என்று பெயர். ரயில் போய் நூறாண்டு ஆகியும் பெயர் நிற்கிறது. வியூ பாயின்ட் பார்க்க வருகிறவர்கள் ஸ்டேஷன் எங்கே என்று தேடுவதும் நிற்கவில்லை.

டாப் ஸ்டேஷனுக்கு அப்பால் மலை செங்குத்தாக விழுகிறது. அங்கிருந்து ஐந்து கிலோமீட்டர் கீழே கொட்டகுடி வரை ரோப்வே கட்டி, பெட்டிகளைக் கம்பியில் தொங்கவிட்டு இறக்கினார்கள். கொட்டகுடி பாட்டம் ஸ்டேஷன் ஆனது. இடையில் இருந்த சென்ட்ரல் ஸ்டேஷன் இன்றும் குரங்கணிப் பக்கம் ஒரு குக்கிராமத்தின் பெயர். கொட்டகுடியிலிருந்து போடிக்குப் பதினைந்து கிலோமீட்டர் மாட்டுவண்டி. போடிக்கு ரயில் வந்தது 1928ல்தான். அதுவரை அம்மையநாயக்கனூர், அதாவது இன்றைய கொடைக்கானல் ரோடு ஸ்டேஷன் வரை வண்டிமாடுகளே சுமந்தன. லண்டன் சீமான் குடித்த தேநீருக்குப் பின்னால் எத்தனை ஜோடி மாடு என்று எந்தக் கம்பெனிக் கணக்கு சொல்லும்?

1924 ஜூலையில் பெய்த பெருமழை ரயிலை அடித்துக்கொண்டு போனது. கேரளத்தில் அதைக் கொல்லம் ஆண்டை வைத்துத் ‘தொண்ணூற்றொன்பது வெள்ளம்’ என்று சொல்வார்கள். தண்டவாளம் மறுபடி போடப்படவில்லை. ஆலுவாவுக்கான பழைய மலைப்பாதையும் அதே வெள்ளத்தில் போனதால் நேரியமங்கலம் வழியே புதுச்சாலை பிறந்தது. 1935ல் பெரியாற்றின் மீது பாலமும் திறந்தார்கள். தேயிலையின் முகம் மெல்ல மேற்கே திரும்பியது. ஏலக்காயின் முகம் திரும்பவில்லை.

இந்த மலையில் தேயிலைக்கு மூத்தது ஏலக்காய். திருவிதாங்கூர் அரசு அதைத் தன் தனியுரிமையாக வைத்திருந்தது. விளைவிக்கிறவர் காயை அரசுக் கிடங்கில் ஒப்படைக்க வேண்டும். விலையில் ஒரு பங்குதான் அவர் கைக்கு வரும். விற்பனை ஆலப்புழையில் நடந்தது. உலகச் சந்தையில் ‘ஆலப்பி கிரீன்’ என்ற பெயர் நிலைத்ததற்கு அதுவே காரணம். ஏலமலைக்கென்று 1869ல் தனித் துறையே ஏற்படுத்தினார்கள். முன்பு சொன்ன மன்றோ அதன் கண்காணிப்பாளராக இருந்தவர். ஆனால் காட்டுக்குள் ஏலக்காய் பயிரிட்டவர்களில் நிறையப் பேர் கம்பம் பள்ளத்தாக்குக்காரர்கள். வீடும் வயலும் உறவும் கிழக்கே. ஒப்படைக்க வேண்டிய கிடங்கு மேற்கே. விளைந்த காய் இருட்டில் எந்தப் பக்கம் இறங்கப் பார்த்திருக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். கடைசியில் 1896ல் தனியுரிமையைக் கைவிட்டு, நிலத்துக்கு வரி போட்டதோடு அரசு நிறுத்திக்கொண்டது. அதற்கு முந்தைய ஆண்டுதான் பென்னிகுக் கட்டிய முல்லைப்பெரியாறு அணை, பெரியாற்றுத் தண்ணீரையும் மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியிருந்தது.

எல்லை பிரித்தபோது இந்தக் கிழக்குப் பார்வை கணக்கில் வரவில்லை. தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. 1954, 55ல் பட்டம் தாணுப்பிள்ளை அரசு சமவெளி மலையாளிக் குடும்பங்களை மலையில் குடியேற்றியது. கல்லாறு பட்டம் காலனி இன்றும் அவர் பெயரைச் சுமக்கிறது. மாநிலச் சீரமைப்பு ஆணையம் அங்கிருந்த தமிழர்களில் பெரும்பகுதியினரை வந்துபோகும் தோட்டத் தொழிலாளர்களாகப் பார்த்தது. 1956 நவம்பர் 1ல் இரண்டு தாலுகாவும் கேரளத்தில் நின்றன. விளைநிலம் ஒரு மாநிலம், கடைவீதி ஒரு மாநிலம் என்றானது.

போடியை ஏலக்காய் நகரம் என்கிறார்கள். விளைச்சலால் வந்த பெயரல்ல. உடுமஞ்சோலையிலும் வண்டன்மேட்டிலும் விளைந்த காய் வந்து கை மாறுவதால் வந்த பெயர். தோட்டத்தில் ஐந்து கிலோ பச்சைக்காய் எடுத்தால், ஸ்டோர் என்கிற உலர்த்தும் கொட்டகையில் சூடேற்றிக் காய்ந்தபின் ஏறத்தாழ ஒரு கிலோ தேறும். நிறம் கொஞ்சம் வெளுத்தாலும் விலை சரியும். போடியில் அந்தக் காயைச் சல்லடையில் மில்லிமீட்டர் கணக்கில் பிரிப்பார்கள். எட்டு மில்லிமீட்டருக்கு மேலே போனால் தனி மதிப்பு. அதன்பின் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, வெடித்ததையும் வெளுத்ததையும் பூச்சி அரித்ததையும் கையால் பொறுக்கித் தள்ளுவார்கள். டெல்லிக்குப் போகும் காய்க்கும் கான்பூர் பான் மசாலாக்காரருக்குப் போகும் காய்க்கும் வித்தியாசம் இவர்கள் விரல் நுனியில்தான் முடிவாகிறது. வியாபாரிகளின் கெட்டிக்காரத்தனத்தைப் பேசுகிறவர்கள் இந்த விரல்களை விட்டுவிடுகிறார்கள்.

வாய்விட்டுக் கூவி நடந்த ஏலம் 2007ல் கணினிக்கு மாறியது. நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலம் இடுக்கியின் புற்றடியிலும் போடியிலுமாக நடக்கிறது. மாதிரிக் காயைத் தட்டில் கொட்டிப் பார்த்து, முகர்ந்து, பொத்தானை அழுத்துகிறார்கள். 2018 வெள்ளத்திலும் அடுத்து வந்த வறட்சியிலும் செடி அழிந்து, 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. குவாதமாலாக் காய் அரபுச் சந்தையைப் பிடித்துக்கொண்ட நாளிலிருந்து விலையை நம்பி வாழ்க்கை நடத்த முடியாதென்று பழகிப்போன வியாபாரிகளே அன்று வாய்பிளந்தார்கள்.

தினமும் விடியுமுன் தேனி மாவட்டத்துக் கூலிப்பெண்கள் ஜீப்புகளில் நெருக்கியடித்து குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக மலையேறுகிறார்கள். பொழுது சாய்ந்ததும் இறங்குகிறார்கள். 2011 டிசம்பரில் முல்லைப்பெரியாறு தகராறில் எல்லை அடைபட்டபோது, எடுக்க ஆளின்றிக் காய் செடியிலேயே நின்றது. 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு இதே சோதனைச் சாவடிகளை மூடியபோது ஏலமும் நின்று, மே மாதக் கடைசியில்தான் மறுபடி தொடங்கியது. 2021 முதல் புற்றடியும் போடியும் இணையத்தில் ஒரே நேரத்தில் ஏலத்தில் சேரும்படி வாரியம் ஏற்பாடு செய்திருக்கிறது. வியாபாரி இப்போது மலையேறாமலே போடியில் உட்கார்ந்து புற்றடிக் காய்க்கு விலை சொல்லலாம். காய் எடுக்கிற பெண்ணுக்கு மட்டும் ஜீப்தான்.