கள் இல்லையேல் பாவ் இல்லை

வெளிநாட்டில் வேலைக்குப் போன நம்ம ஆட்கள் "குளிர்ல இட்லி மாவு புளிக்கவே மாட்டேங்குது" என்று புலம்புவதைக் கேட்டிருப்பீர்கள். 500 வருடங்களுக்கு முன் நம் நாட்டுக்கு வந்து தங்கிய வெளிநாட்டுக்காரர்களுக்கும் இதே மாதிரி ஒரு புலம்பல் இருந்தது. அவர்கள் தேடியது ரொட்டி.

1510-ல் அல்புகெர்க் தலைமையில் போர்ச்சுகீசியர்கள் கோவாவைப் பிடித்தார்கள். ஊரில் கிடைத்தது அரிசி, மீன், தேங்காய். கோதுமை வெளியிலிருந்து கப்பலில் வரவேண்டும்.

பூசையில் தரும் அப்பம் கோதுமையில்தான் இருக்க வேண்டும் என்பது கத்தோலிக்க விதி. அது புளிக்காத அப்பம், அதனால் மாவு கிடைத்தால் போதும். தினமும் சாப்பிடும் ரொட்டிக்கோ மாவு பொங்க வேண்டும். கோவாவில் அதற்குக் கைகொடுத்தது நம்ம தென்னங்கள்!

எப்படி?

தென்னம்பாளையைச் சீவினால் இனிப்பான சாறு வடியும். சில மணி நேரத்திலேயே அதில் ஈஸ்ட் பெருகி, சர்க்கரையைத் தின்று, ஆல்கஹாலையும் கார்பன் டை ஆக்சைடையும் வெளியிடும். அந்த வாயு கோதுமையின் குளூட்டன் வலைக்குள் சிக்கி மாவை உப்ப வைக்கும். கூடவே வளரும் பாக்டீரியாக்கள் லேசான புளிப்பைத் தரும். ஆல்கஹாலில் பெரும்பகுதி அடுப்புச் சூட்டில் போய்விடும். ஆக, பாவ் தின்று யாருக்கும் போதை ஏறாது, பயப்பட வேண்டாம் 😊

கோவாவில் வாழ்ந்த போர்ச்சுகீசிய மருத்துவர் கார்சியா டி ஓர்டா, 1563-ல் அங்கேயே அச்சான தன் மருந்து நூலில் இந்தக் கள்ளை "சுரா" என்று குறிப்பிட்டிருக்கிறார்.

சரி, ரொட்டியைச் சுட்டது யார்?

மதம் மாறிய உள்ளூர் மக்கள். சால்செட் பகுதியில், குறிப்பாக மஜோர்டா கிராமத்தில், ஏசு சபைப் பாதிரியார்கள் இந்தத் தொழிலைக் கற்றுக் கொடுத்ததாக கோவாவில் சொல்வார்கள். ரொட்டி சுடுபவருக்கு அங்கே "பொதேர்" என்று பெயர். போர்ச்சுகீசிய "பதெய்ரோ"தான் அப்படி மாறியது.

இதில் ஒரு கசப்பும் உண்டு. கிணற்றில் பாவைப் போட்டுவிட்டார்கள், அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களை ஊரே மதம் மாறியவர்களாக ஒதுக்கியது என்று வாய்வழிக் கதை இன்றும் உலவுகிறது. ஒருவருக்குச் சொந்த ஊர் ருசியாக இருந்த ரொட்டி, இன்னொருவருக்குச் சாதியை, உறவை இழக்க வைக்கும் பொருளாகத் தெரிந்திருக்கிறது.

பிறகு கோவாக்காரர்கள் பிழைப்பு தேடி பம்பாய்க்குப் போய் பேக்கரி வைத்தார்கள். இன்று பாவ் பாஜியும் வடா பாவும் சாப்பிடும்போது யாரும் மதம் பார்ப்பதில்லை.

நம்ம தமிழுக்கும் இதில் பங்கு உண்டு. இலங்கைத் தமிழர்கள் ரொட்டியைச் சொல்லும் "பாண்" அதே போர்ச்சுகீசியச் சொல்தான். மேசை, ஜன்னல், அலமாரி, சாவி எல்லாம் அந்த வழியாக வந்தவையே.

இப்போது கோவாவிலும் கள் இறக்குபவர்கள் குறைந்து, பெரும்பாலும் பாக்கெட் ஈஸ்ட்தான். கள் ஊற்றிச் சுடுபவர்கள் அபூர்வம்.

அங்கே போனால் காலையில் சைக்கிளில் ஹாரன் அடித்து வரும் பொதேரிடம் தவிடு சேர்த்த "போயி" கேட்டு வாங்குங்கள். வெள்ளை பாவைவிட நார்ச்சத்து அதிகம். சர்க்கரை நோயாளிகள் கவனத்துக்கு, அதுவும் மாவுச்சத்துதான். ஒன்றோடு நிறுத்திக்கோங்க.

ஊரைப் பிடித்த அல்புகெர்க் பெயரைப் பள்ளியிலேயே படித்துவிட்டோம். அவர் கூட்டத்துக்கு நல்ல ரொட்டி கிடைக்க விடியற்காலையில் தென்னை ஏறியவர்களையும், அடுப்படியில் வெந்தவர்களையும் சேர்த்து நினைவில் வைப்போம்.