அழைப்பும் உழைப்பும்: அமிஷ் மக்களின் வரலாறு பற்றிச் சில சிந்தனைகள்

சம்பள உயர்வு வேண்டிக் குரலெழுப்பும் ஆசிரியரை நோக்கி, "ஆசிரியம் தொழிலன்று, அது ஒரு திருப்பணி" என்று உபதேசம் செய்வோர் எக்காலத்திலும் உளர். தாதியர்க்கும் இதே உபதேசம் கிட்டுவதுண்டு. இதனாற்போலும், உழைப்பைச் சமய நம்பிக்கையோடு தொடர்புபடுத்தும் எப்பேச்சையும் முற்போக்காளர் பலர் ஐயத்துடனேயே நோக்குகின்றனர். அந்த ஐயம் நியாயமானதே. எனினும், தான் செய்யும் வேலையிற் பொருள் காணவேண்டுமென்ற வேட்கை உழைக்கும் மனிதர் எல்லோர்க்கும் உரியது. அவ்வேட்கையை உபதேசிகளின் கையில் ஒப்படைத்துவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ளுதல் தகாது. நம்பிக்கையும் உழைப்பும் ஒன்றோடொன்று பின்னி நிற்கும் ஒரு மக்கட் கூட்டத்தின் வரலாற்றை ஆராய்வது இவ்வகையிற் பயனுடையதாகும். வட அமெரிக்காவில் வாழும் அமிஷ் மக்களே அக்கூட்டத்தினர்.

குதிரை வண்டியிற் செல்பவர்கள். மின்சாரக் கம்பியை வீட்டுக்குள் விடாதவர்கள். உல்லாசப் பிரயாணிகளின் புகைப்படக் கருவிக்கு விருந்தானவர்கள். அவர்களைப் பற்றிப் பலரும் அறிந்தது இவ்வளவே. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் சில ஆயிரவராக இருந்த இவர்கள், இன்று ஏறக்குறைய 4 இலட்சமாகப் பெருகியுள்ளனர். இவர்களுட் பெரும்பகுதியினர் பென்சில்வேனியா, ஒகையோ, இந்தியானா ஆகிய மூன்று மாநிலங்களில் வாழ்கின்றனர். முதலாளித்துவத்தின் தலைமைப்பீடமாக விளங்கும் நாட்டிலே, அதன் வேகத்துக்கு ஈடுகொடுக்க மறுத்த ஒரு சமூகம் அழியாது பெருகியது எவ்வாறு? இவ்வினாவுக்கு விடை காண நாம் ஐந்நூறு ஆண்டுகள் பின்னோக்கிச் செல்லவேண்டும்.

மத்தியகால ஐரோப்பாவில் "இறைவனின் அழைப்பு" என்பது குருமார்க்கும் துறவிகளுக்கும் மட்டுமே உரியதாயிருந்தது. உழுபவனுக்கும் நெய்பவனுக்கும் அழைப்பு இல்லை. பாரம் மட்டுமே உண்டு. மாட்டின் லூதர் இந்தச் சுவரை இடித்தார். செருப்புத் தைப்பவனின் வேலையும் பால் கறப்பவளின் வேலையும் இறைவன் அழைத்த பணிகளே என்றார் அவர். ஜேர்மன் மொழியில் அவர் கையாண்ட "பெரூஃப்" என்ற சொல்லிலே அழைப்பு, தொழில் என்னும் இரு பொருளும் ஒன்றாயின. இச்சொல்லின் வரலாற்றை ஆராய்ந்த மக்ஸ் வெபர், 1904-05ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட தமது புகழ்பெற்ற கட்டுரைகளில், நவீன முதலாளித்துவத்தின் மனப்பாங்குக்கு இக்கருத்து எவ்வாறு வழிகோலிற்று என விளக்கினார்.

ஆயின் லூதரின் கோட்பாட்டுக்கு மற்றொரு முகமும் உண்டு. ஒவ்வொரு தொழிலும் இறைவனின் அழைப்பாயின், அவரவர் தத்தம் நிலையிலேயே அடங்கி நிற்கவேண்டும் என்பது அதன் மறுபாதி. 1525இல் ஜேர்மன் விவசாயிகள் கிளர்ந்தெழுந்து, பண்ணையடிமைத்தனத்தை ஒழிக்கவேண்டும், தம் குருவைத் தாமே தெரிவு செய்யும் உரிமை வேண்டும் என்று பன்னிரண்டு கோரிக்கைகளை முன்வைத்தபோது, லூதர் பிரபுக்களின் பக்கமே நின்றார். போர்வீரனின் தொழிலும் இறைவனுக்கு ஏற்றதா என்ற கேள்விக்கு, ஆம் என்று 1526இல் ஒரு நூலே எழுதினார். திருப்பணி என்ற சொல் அடக்குமுறையின் கருவியாக மாறும் வரலாறு இங்கேயே தொடங்கிவிட்டது.

அதே 1525ஆம் ஆண்டு ஜனவரி 21ஆந் திகதி, சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரில், கொன்ராட் கிறேபெல் முதலிய சில இளைஞர்கள் ஒரு வீட்டிற் கூடி ஒருவருக்கொருவர் மீண்டும் ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டனர். குழந்தைக்குக் கொடுக்கும் ஞானஸ்நானம் செல்லாது. வளர்ந்த மனிதன் அறிந்து தெரிந்து ஏற்பதே நம்பிக்கை என்பது அவர்கள் கொள்கை. "அனபாப்திஸ்தர்", அதாவது மறுஞானஸ்நானக்காரர், என்று பகைவர் அவர்களுக்குப் பெயரிட்டனர். இன்று இது சிறு சடங்குப் பூசலாகத் தோன்றலாம். அன்று பிறப்பினாலேயே ஒருவன் திருச்சபைக்கும் அரசுக்கும் ஒருங்கே உரியவனானான். அந்தக் கட்டை அறுப்பது அரசின் அடித்தளத்தையே அசைப்பதாகும். இவ்வட்டத்தினர் தசமபாக வரியை எதிர்த்த கிராமங்களோடு தொடர்புடையவர்கள். விவசாயிகளின் போராட்டத்திலே தலைவெட்டுண்ட தோமஸ் முன்சருக்கு 1524இற் கடிதம் எழுதியவர்கள். அவர்களுள் ஒருவரான ஃபீலிக்ஸ் மான்ஸ் 1527 ஜனவரியில் சூரிச் ஆற்றிலே அமிழ்த்திக் கொல்லப்பட்டார்.

விவசாயிகளின் எழுச்சி இரத்தத்தில் மூழ்கடிக்கப்பட்டது. அத்தோல்விக்குப் பின்னர், 1527இல் ஷ்லைத்தைம் என்ற ஊரிற் கூடிய அனபாப்திஸ்தர், வாளைத் தொடமாட்டோம், சத்தியப் பிரமாணம் செய்யமாட்டோம், ஆட்சிப் பதவி ஏற்கமாட்டோம் என்று உறுதி பூண்டனர். லூதரின் கோட்பாட்டுக்கு இது நேர் எதிரான விடையாகும். எல்லாத் தொழிலும் அழைப்பு என்றார் லூதர். சில தொழில்கள் எக்காலத்தும் அழைப்பாக மாட்டா என்றனர் இவர்கள். மனிதனை மனிதன் கொல்லும் தொழிலை எந்தத் திருநாமத்தாலும் புனிதமாக்க முடியாது. அழைப்பு என்பது முதலில் ஒரு வாழ்க்கை முறைக்கு. பிழைப்புக்காகச் செய்யும் வேலை அவ்வாழ்க்கைக்குக் கட்டுப்பட்டது.

இவர்களின் வழிவந்தோரிடையே 1693இல் ஒரு பிளவு நேர்ந்தது. சபையின் கட்டுப்பாட்டை மீறியவரை விலக்கிவைத்தல் முதலிய விடயங்களிற் கடுமை வேண்டுமென வாதித்த யாக்கோப் அம்மான் என்பவரைப் பின்பற்றியோரே அமிஷ் எனப்பட்டனர்.

இங்கே ஒரு செய்தி ஊன்றி நோக்கத்தக்கது. அமிஷ் மக்கள் என்றதும் நம் கண்முன் தோன்றுவது ஏரும் கலப்பையுமே. ஆனால் முதல் அனபாப்திஸ்தருட் பலர் நகரத்தவர்; கிறேபெல் பல்கலைக்கழகங்களிற் பயின்றவர்; ஏனையோருட் கைவினைஞர் பலர். நகரங்களிலிருந்து துரத்தப்பட்டு, மலைச்சரிவுகளிலும் பிறர் விரும்பாத தரிசு நிலங்களிலும் குடியேறியபோதே உழவு அவர்களின் தொழிலாயிற்று. அந்நிலங்களிற் பிழைக்கும் பொருட்டு எருவிடுதலையும் தீவனப்பயிர்ச் செய்கையையும் திருத்தமாகக் கற்று, அல்சாஸ் முதலிய பிரதேசங்களிற் சிறந்த விவசாயிகள் எனப் பெயர் பெற்றனர். உழவின் புனிதம் பற்றிய அவர்களின் நம்பிக்கை, அடக்குமுறை அவர்கள்மேற் சுமத்திய வாழ்க்கையிலிருந்து பிறந்தது. 1712இல் பிரெஞ்சு மன்னன் பதினான்காம் லூயியின் ஆணை அல்சாசிலிருந்தும் அவர்களை வெளியேற்றியது. 18ஆம் நூற்றாண்டிற் பலர் கப்பலேறிப் பென்சில்வேனியாவை அடைந்தனர். அங்கு அவர்களுக்குக் கிடைத்த வளமான நிலம், செவ்விந்தியர் எனப்பட்ட பழங்குடியினரிடமிருந்து பறிபோய்க்கொண்டிருந்த நிலம் என்பதையும் நாம் மறத்தலாகாது. வாளேந்தாத கைகளும் பிறர் வாளின் பயனை நுகர நேர்ந்தமை வரலாற்றின் முரண்களுள் ஒன்று.

ஐரோப்பாவில் எஞ்சிய அமிஷ் சபைகள் படிப்படியாகப் பிற சபைகளிற் கரைந்தன. கடைசிச் சபை 1937இல் மறைந்தது. அமெரிக்காவில் மட்டும் அவர்கள் நிலைத்தமைக்குக் காரணம் யாது? யந்திரத்தை அவர்கள் எதிர்கொண்ட முறையிலேதான் விடையின் பெரும்பகுதி அடங்கியுள்ளது.

அமிஷ் மக்கள் யந்திரத்தை வெறுப்பவர்கள் என்பது தவறான எண்ணம். இருபது முதல் நாற்பது குடும்பங்கள் கொண்ட ஒவ்வொரு வட்டாரச் சபையும், "ஓர்ட்நுங்" என அழைக்கப்படும் ஒழுங்குமுறையை ஆண்டுக்கு இருமுறை கூடிப் பரிசீலித்து ஒப்புக்கொள்ளும். சபைக்குச் சம்பளம் பெறும் குரு இல்லை. உறுப்பினர் முன்மொழிந்தோருள் ஒருவர் திருவுளச்சீட்டு முறையில் தெரிவாகிறார். அவர் தொடர்ந்தும் உழவராகவோ தச்சராகவோ உழைத்தே வாழ்கிறார். புதிய கருவியொன்று வரும்போது, இது எவ்வளவு உழைப்பை மிச்சப்படுத்தும் என்பதற்கு முன்னதாக, இது அயலவனை நமக்குத் தேவையற்றவனாக்கிவிடுமோ என்ற கேள்வி எழுப்பப்படுகிறது.

இதன் விளைவுகள் வியப்பூட்டுவன. பென்சில்வேனியாவின் லாங்காஸ்ரர் பகுதியில், உழவு யந்திரத்தைக் களஞ்சியத்தின் அருகே நிறுத்தி அதன் விசையைப் பயன்படுத்தலாம், வயலில் இறக்கலாகாது. வயலில் இறங்கினால் ஒருவனே பலரின் நிலத்தை உழுதுவிடுவான், பண்ணைகள் பெருகும், அயலவர் அருகுவர். தொலைபேசி வீட்டுக்குள் வரலாகாது. ஒழுங்கையின் ஓரத்திற் சிறு கொட்டிலில், பலருக்கும் பொதுவாக இருக்கலாம். 1960களின் இறுதியிற் பாற் கம்பனிகள், பாலைக் குளிரூட்டிய பெருந்தாங்கிகளில் வைத்திருக்க வேண்டுமென நிபந்தனை விதித்தன. மறுத்தால் அமிஷ் பண்ணைகளின் வருவாய் அற்றுப்போகும். பலநாட் பேச்சின் பின்னர், டீசல் எஞ்சினால் இயங்கும் குளிரூட்டியை ஏற்றனர். பொது மின்சாரத்தை ஏற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பால் எடுக்க வருவதற்கும் இணங்கவில்லை. கம்பனிகள் வழிக்கு வந்தன. பேரம்பேசும் வலு ஒன்றுபட்ட மக்களுக்கே உண்டு என்பதைத் தொழிற்சங்கத்தை வேண்டாத இம்மக்களும் தம் வழியில் நிறுவினர்.

தீயிற் களஞ்சியம் எரிந்தால் நூற்றுக்கணக்கானோர் கூடி, ஓரிரு நாளிற் புதியதைக் கட்டியெழுப்பி விடுகின்றனர். முதியோரையும் நோயாளரையும் காப்பது சமூகத்தின் கடன் எனக் கொண்டதனால், அரசின் சமூகக் காப்புறுதிக்குப் பணம் செலுத்த மறுத்தனர். 1961இல் உழுதுகொண்டிருந்த அமிஷ் விவசாயியொருவரின் குதிரைகளை வரித் திணைக்களம் பறிமுதல் செய்தது நாடெங்கும் கண்டனத்தை எழுப்பிற்று. 1965இல் அமெரிக்கக் காங்கிரஸ் தம் தொழிலைத் தாமே செய்யும் அமிஷ் மக்களுக்கு விலக்களித்தது.

இளம் மார்க்ஸ் 1844ஆம் ஆண்டின் குறிப்புகளில் ஆராய்ந்த அந்நியமாதல் என்பதை இவ்விடத்தில் நினைவு கூர்தல் பொருந்தும். உழைப்பாளி தன் உழைப்பின் பயனிலிருந்தும், உழைக்கும் செயலிலிருந்தும், சக மனிதரிலிருந்தும் பிரிக்கப்படுகிறான் என்பது அவர் கண்ட உண்மை. அமிஷ் உழவன் செய்யும் வேலை கடினமானது; பெரும்பாலும் ஒரே விதமானது. அவ்வேலை அவனுக்குப் பொருளுடையதாவது, அதன் வேகத்தையும் கருவியையும் பயனையும் பற்றி முடிவு செய்யும் கூட்டத்தில் அவனும் ஒருவனாக இருப்பதனால். நம்பிக்கை அக்கூட்டத்தை இணைக்கும் கயிறு. கயிறு அறுந்தவிடத்து என்ன நிகழும் என்பதை அண்மைக்கால வரலாறு காட்டுகிறது.

20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலத்தின் விலை ஏறியது, குடும்பங்களோ பெரியவை. எல்லாப் பிள்ளைகளுக்கும் நிலம் கிடைப்பது அரிதாயிற்று. லாங்காஸ்ரரிற் பலர் தச்சுப் பட்டறை, தளபாடத் தொழில், சிறுவியாபாரம் ஆகியவற்றை நாடி, வேலைத்தலத்தை வீட்டுக்கு அருகில் வைத்துக்கொண்டனர். இந்தியானாவின் வடபகுதியிலோ நிலைமை வேறு. வீட்டுவசதிகள் கொண்ட பிரயாண வண்டிகளைச் செய்யும் தொழிற்சாலைகளில் அமிஷ் ஆண்கள் திரளாகச் சேர்ந்தனர். 2000ஐ அடுத்த ஆண்டுகளில் அப்பகுதியின் உழைக்கும் வயதினரான அமிஷ் ஆண்களிற் பாதிக்கு மேற்பட்டோர் தொழிற்சாலைக் கூலிகளாயினர். அங்கே கருவியின் வேகத்தைத் தீர்மானிப்பது சபையன்று, முதலாளி. சபையின் மரபோ தொழிற்சங்கத்திற் சேர்வதைத் தடுக்கிறது. இது யாருக்கு வசதியானது என்பதைச் சொல்லவேண்டியதில்லை. 2008-09ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் அத்தொழிற்சாலைகள் முடங்கியபோது, பிற தொழிலாளரோடு அவர்களும் வெறுங்கையுடன் வீடு திரும்பினர். உலகத்திலிருந்து விலகி நிற்பதால் உலகச் சந்தையிலிருந்து தப்பிவிட முடியாது. பணிவு என்னும் பண்பு அயலவர் முன்னிலையில் நற்பண்பாகலாம். மூலதனத்தின் முன்னிலையில் அது மலிவான உழைப்பாக மாறிவிடுகிறது.

இனி, நம்மவர் மனத்தில் எழக்கூடிய வினாவொன்றுக்கு வருவோம். தந்தையின் தொழிலைப் பிள்ளை பழகுவதும், எட்டாம் வகுப்போடு கல்வியை நிறுத்துவதும் குலத்தொழில் முறையன்றி வேறென்ன? 1953இல் சென்னை மாகாணத்தில் இராஜாஜி கொண்டுவந்த திட்டம், தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் பாதிநேரம் பள்ளியிலும் பாதிநேரம் பெற்றோரின் தொழிலிலும் பழகவேண்டுமென விதித்தது. "குலக்கல்வி" எனப் பெயர்பெற்ற அத்திட்டத்தை மக்கள் எதிர்த்தனர்; 1954இல் அது கைவிடப்பட்டது. சாதியின் கொடுமையை அறிந்த நாம் இவ்வினாவை எழுப்பாதிருக்க முடியாது.

வேறுபாடு உண்டு. அமிஷ் சமூகத்தில் எத்தொழிலும் தீட்டன்று. தொழிலால் உயர்ந்தவர் தாழ்ந்தவர் என்ற அடுக்கு இல்லை. ஞானஸ்நானம் பெறுமுன் விலகிச் செல்ல விரும்பும் இளைஞரைச் சபை விலக்கிவைப்பதுமில்லை. ஆயினும் ஒப்புமையும் உண்டு. 1972இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், எட்டாம் வகுப்புக்குமேற் பிள்ளைகளைக் கட்டாயமாகப் பள்ளிக்கு அனுப்பவேண்டியதில்லை என்று அமிஷ் பெற்றோர்க்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. அவ்வழக்கில் நீதிபதி டக்ளஸ் தனித்து நின்று எழுப்பிய மறுப்பு மிக முக்கியமானது. பெற்றோரின் உரிமை பேசப்பட்டது. பிள்ளையின் விருப்பத்தைக் கேட்டவர் யார்? அப்பிள்ளை பியானோ வாசிக்கவோ, விண்வெளிக்குச் செல்லவோ, கடலை ஆராயவோ விரும்பக்கூடும் அல்லவா என்று அவர் கேட்டார். அறிந்து தெரிந்து ஏற்பதே நம்பிக்கை என்று கூறி உயிர்கொடுத்தவர்களின் வழித்தோன்றல்கள், அறிவின் வாயிலைப் பதினான்காவது வயதில் அடைப்பது தம் மூதாதையரின் கொள்கைக்கே முரணாகும். மேலும், சபையில் வாக்களிக்கும் பெண் அச்சபையின் ஊழியராகத் தெரிவு செய்யப்பட முடியாது. அவ்வகையில் அவளது அழைப்பை இன்றும் பிறரே வரையறுக்கின்றனர்.

ஆகவே அமிஷ் மக்களின் விடையை நாம் ஏற்கவேண்டியதில்லை. அவர்கள் எழுப்பும் வினாவைக் கைவிடவும் கூடாது. ஒரு கருவி, ஒரு வேலைமுறை, ஓர் ஆணை நம்மிடையே புகும்போது, அது நம்மை ஒருவர்க்கொருவர் வேண்டியவராக்குகிறதா, வேண்டாதவராக்குகிறதா என்று கூடிக் கேட்கும் உரிமை அவர்களிடம் உண்டு. நம் தொழிற்சாலையிலும் தோட்டத்திலும் பாடசாலையிலும் அவ்வுரிமை எவரிடம் இருக்கிறது? பாடத்திட்டத்தை ஆக்கும்போது வகுப்பறையில் நிற்பவரைக் கேட்பவர் எவர்? கொழுந்தின் நாளாந்த நிறையை விதிக்கும்போது கொழுந்து பறிப்பவளைக் கேட்பவர் எவர்? வேலையைத் திருப்பணி என்று போற்றுவோர் முதலில் இவற்றுக்கு மறுமொழி கூறட்டும். உழைப்பவர் தம் உழைப்பைத் தாமே கூடி ஆளும் இடத்திலேதான் தொழில் அழைப்பாகிறது. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் தோற்றுப்போன விவசாயிகள் கேட்டதும் ஏறக்குறைய இதுவே.