தொலைந்துபோன ஓடம்



வீட்டுத் தையல் இயந்திரத்தில் பெரிய உறுப்புகள் பல உண்டு. ஆனால் தொலைந்துபோவன பெரியன அல்ல. சக்கரம் தொலைந்ததாகவோ, மிதி தொலைந்ததாகவோ எவரும் சொல்லிக் கேட்டதில்லை. தொலைவது பாபின், தொலைவது பாபின் கேஸ், தொலைவது ஊசியை இறுக்கும் சிறு திருகு. விரல் நீளமும் இல்லாத அவ்வுறுப்பு இல்லையாயின், எஞ்சிய இரும்பு முழுவதும் மேசைமீது ஏற்றிய வெறும் பாரமே. இவ்வுண்மையை நான் நூல்களில் கற்கவில்லை. பத்தாம் வயதில், நானே செய்த குற்றத்தினால் கற்றேன்.

அது 1970ஆம் ஆண்டு. கும்பகோணத்தை அடுத்த சிற்றூரில் வாழ்ந்தோம். தந்தையார் மறைந்த பின், அக்கம்பக்கத்தாருக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்தே அன்னையார் எங்களைக் காத்துவந்தார். கையால் சுற்றும் சிங்கர் இயந்திரம் ஒன்று இருந்தது. ஸ்காட்லாந்து நாட்டில் கிளைடு ஆற்றங்கரையில் உள்ள கிளைடுபாங்க் நகரில் இருந்த ஆலையில் செய்யப்பெற்றது. அதன் தகட்டை நகர்த்தினால், உள்ளே படகு போன்ற எஃகுச் சிமிழ் ஒன்று தோன்றும். நீண்டு மெலிந்த பாபின் அதனுள் படுத்திருக்கும். எங்கள் பகுதி நெசவாளர் தறியில் ஓடும் நாடாவை ஓடம் என்றும் வழங்குவர். அன்னையாரும் அச்சிமிழை ஓடம் என்றே அழைத்தார்.

தீபாவளிக்குப் பத்து நாட்களே இருந்தன. அடைமழை. தெரு வாய்க்காலில் பிள்ளைகள் காகிதக் கப்பல் விட்டுக்கொண்டிருந்தனர். எஃகினாற் செய்த கப்பலும் கடலில் மிதக்கும் என்று எங்கள் ஆசிரியர் அவ்வாரந்தான் கூறியிருந்தார். நான் எஃகு ஓடத்தை எடுத்துச் சென்று நீரில் விட்டேன். அது மிதக்கவில்லை. கலங்கிய வெள்ளத்தில் கையை விட்டுத் துழாவினேன், சேறுதான் அகப்பட்டது.

அன்னையார் பெட்டியைக் கவிழ்த்துத் தேடினார், பாயை உதறினார், கூட்டிய குப்பையையும் கிளறிப் பார்த்தார். நான் வாய் திறக்கவில்லை. பதினாறு ரவிக்கைகளுக்கு முன்பணம் வாங்கியிருந்தார். அன்றிரவு விளக்கை அருகில் இழுத்து வைத்துக்கொண்டு, கையூசியால் முதல் ரவிக்கையைத் தைக்கத் தொடங்கினார்.

அந்த ஓடத்திற்கு அத்தனை ஆற்றல் எவ்வாறு வந்தது? பிரான்சு நாட்டுத் தையற்காரர் பார்த்தெலெமி திமோனியே 1830இல் தம் தையல் இயந்திரத்திற்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு ஓடம் இல்லை. ஒரே நூலால் சங்கிலித் தையல் போட்டது. நூலின் முனையை இழுத்தால் தையல் முழுதும் பிரிந்துவிடும். ஆயினும் அது படைவீரர் சீருடைகளைத் தைத்தது. பிழைப்புப் போய்விடும் என்று அஞ்சிய பாரிசுத் தையற்காரர்கள் 1831இல் பட்டறைக்குள் புகுந்து இயந்திரங்களை நொறுக்கினர்.

பிரியாத தையலுக்கு இரண்டு நூல்கள் வேண்டும். இதனை 1830களில் நியூயார்க்கில் வால்ட்டர் ஹண்ட் செய்து காட்டினார். ஆனால் காப்புரிமை கோரவில்லை. மாசசூசெட்ஸ் மாநிலத்து எலியாஸ் ஹோவ் 1846இல் அதனைப் பெற்றார். நாம் கையால் தைக்கும் ஊசிக்குக் காது தலையில் இருக்கும். இயந்திர ஊசிக்கோ முனையருகே இருக்கும். ஊசி துணியைத் துளைத்துக் கீழிறங்கிச் சற்றே மேலெழும்பும்போது, அதன் நூல் தளர்ந்து ஒரு வளையமாகும். அந்த நொடியில் ஓடம் அவ்வளையத்திற்குள் தலையை நுழைத்து, கீழ் நூலை இழுத்துக்கொண்டு மறுபுறம் சென்றுவிடும். மேல் நூலும் கீழ் நூலும் துணியின் நடுவே பூட்டிக்கொள்ளும். தறியில் பாவினூடே நாடா செய்யும் வேலையைத்தான் இது துணிக்கடியில் செய்கின்றது. 1845இல் பாஸ்டன் நகரில் ஹோவ் தம் இயந்திரத்துடன் அமர்ந்து ஐந்து தையற்பெண்களோடு போட்டியிட்டு வென்றார். நிமிடத்திற்கு இருநூற்றைம்பது தையல்! ஓடம் இன்றேல் ஒரு தையலும் இல்லை.

1851இல் ஐசக் சிங்கர் நேராக ஏறி இறங்கும் ஊசியுடன் உறுதியான இயந்திரத்தை அமைத்தார். பின்னர்த் தவணை முறையும் வந்தது. இயந்திரம் எளியோர் வீடுகளிலும் நுழைந்தது. ஆனால் உறுப்பு தொலைந்தவருக்கு அந்நாளில் எளிதில் வழியில்லை. சிங்கர் ஆலையில் அக்காலத்தில் ஒவ்வோர் உறுப்பையும் தொழிலாளர் அரத்தால் அராவி, அதற்குரிய இயந்திரத்தில் மட்டும் பொருந்துமாறு அமைத்தனர். ஒன்றின் உறுப்பு மற்றொன்றில் கலந்துவிடாதிருக்க, உறுப்புகளில் அவ்வியந்திரத்தின் எண்ணையே பொறித்தனர். பக்கத்து வீட்டு ஓடத்தைக் கடன் வாங்கினாலும் அது நம் இயந்திரத்தில் ஓடும் என்பது உறுதியில்லை.

ஓர் உறுப்பைப் போலவே மற்றோர் உறுப்பு என்னும் எண்ணம் பிறந்தது துணியை நினைத்தன்று, துப்பாக்கியை நினைத்தே. போர்க்களத்தில் துப்பாக்கியின் ஒரு பகுதி உடைந்தால், வேறொரு துப்பாக்கியின் பகுதியை எடுத்துப் பொருத்தவேண்டும் என்று படைத்தலைவர்கள் விரும்பினர். பிரான்சில் ஒனொரே பிளாங்க் அவ்வாறு செய்த துப்பாக்கிப் பகுதிகளை, அங்குத் தூதராக இருந்த தாமஸ் ஜெபர்சன் 1785இல் கண்டு, தம் நாட்டிற்கு எழுதினார். அமெரிக்க அரசின் படைக்கலச் சாலைகள் பல்லாண்டு முயன்று அதனைக் கைவரப்பெற்றன. அளவைத் தவறவிடாத அச்சுகளும் அளவுகோல்களும் அங்கே உருவாயின. 1850களின் இறுதியில் வீலர்-வில்சன் நிறுவனத்தார் அம்முறையைத் தம் தையல் இயந்திர ஆலைக்குக் கொணர்ந்தனர். சிங்கர் ஆலையோ 1880களிலும் அரத்தை முற்றும் கைவிடவில்லை. ஒரே அளவில் இரண்டு ஓடங்கள் செய்ய மனிதனுக்கு அத்தனை காலம் பிடித்தது.

இங்கே காந்தியடிகளையும் நினைக்கவேண்டும். இயந்திரங்கள் எல்லாவற்றையுமே எதிர்க்கின்றீர்களா என்று 1924இல் ராமச்சந்திரன் என்னும் இளைஞர் அவரைக் கேட்டார். சிங்கர் தையல் இயந்திரத்திற்கு விலக்கு அளித்தார் அடிகள். அப்படியாயின் அதனைச் செய்யப் பெரிய ஆலை வேண்டுமே என்று இளைஞர் விடவில்லை. ஆம், அவ்வாலை பொதுவுடைமையாகவோ அரசின் கட்டுப்பாட்டிலோ இருக்கவேண்டும் என்பது அடிகளின் விடை. வீட்டு மூலையில் ஒருத்தி தனியே சுற்றும் இயந்திரமும், எங்கோ உள்ள ஆலையை நம்பியே சுற்றுகின்றது என்பதை இருவரும் உணர்ந்திருந்தனர்.

என் கதைக்கு வருகின்றேன். மூன்றாம் இரவு, அன்னையாரின் விரல் நுனியில் இரத்தம் கசிந்திருக்கக் கண்டேன். அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன். அவர் அடிக்கவில்லை. "காலையில் கும்பகோணம் போகலாம், படு," என்றார்.

முதலில் நுழைந்த கடையில் வட்டமான பாபினையும் அதன் கூட்டையும் எடுத்து நீட்டினர். எங்கள் இயந்திரத்திற்கு அது ஆகாது. அடுத்து, பழுதுபார்க்கும் முதியவர் ஒருவரிடம் சென்றோம். "தம்பி, மிஷினின் நம்பரைக் குறித்துக்கொண்டு வந்தாயா?" என்றார். நான் விழித்தேன். அன்னையார் முந்தானை முடிச்சை அவிழ்த்து, உபரியாக இருந்த நீண்ட பாபின் ஒன்றைக் காட்டினார். முதியவர் ஒரு தகரப் பெட்டியைக் கவிழ்த்தார். ஓடங்கள் சிதறின. இரண்டைப் பார்த்து ஒதுக்கினார். மூன்றாவதில் பாபின் இனிது படுத்தது. "இதைப் போட்டுப் பாருங்கள், அம்மா," என்றார்.

அது எவர் வீட்டில் ஓடி ஓய்ந்த இயந்திரத்தின் ஓடமோ! எங்கள் வீட்டில் முதற் சுற்றிலேயே நூல் பூட்டிற்று. பதினாறு ரவிக்கைகளும் தீபாவளிக்கு முன்னாளே உரியவரிடம் சேர்ந்தன. 1885இல் தொடங்கிய கிளைடுபாங்க் ஆலை 1980இல் மூடப்பட்டுவிட்டது. அங்கே எவரோ அளவு பிசகாமல் செய்து வைத்த எஃகு, கடல் கடந்து வந்து எங்கள் பிழைப்பைத் தாங்கியது.

இன்றும் வீட்டில் தைப்போர் சிலவற்றை நினைவிற்கொள்க. வட்ட பாபின்களிலும் பதினைந்தாம் வகையும் அறுபத்தாறாம் வகையும் குறுக்களவில் ஏறத்தாழ ஒன்றே. ஆயினும் முன்னதன் பக்கங்கள் தட்டை, பின்னதன் பக்கங்கள் சற்றே குவிந்தவை. ஒன்றின் இடத்தில் மற்றொன்றைத் திணித்தால் நூல் சிக்கும். ஆதலின் இயந்திரத்தின் எண்ணை ஒரு தாளில் எழுதி வையுங்கள். கடைக்குப் போகும்போது பழைய உறுப்பையோ அதன் இணையையோ கையோடு கொண்டு செல்லுங்கள்.

அந்தத் தீபாவளிக்குப் பின் அன்னையார் ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினார். நாள்தோறும் தையல் முடிந்ததும் ஓடத்தைத் துடைத்து, என்னை அழைத்து, என் உள்ளங்கையில் வைப்பார். அதனைப் பெட்டியில் வைத்து மூடுவது என் பொறுப்பு. தொலைத்தவனிடமே அவர் காவலை ஒப்படைத்தார். முப்பத்தைந்து ஆண்டுகள் ஆசிரியனாக இருந்தேன்; ஒரு பிள்ளையைத் திருத்த அதனினும் நல்ல முறையை எந்தப் பயிற்சிப் பள்ளியிலும் நான் கற்கவில்லை.