எட்டாம் மாதத்துப் பிள்ளையும் வைத்தியராக வந்தவர்களும்

நான் எட்டாம் மாதத்தில் பிறந்தவன். 1970ஆம் ஆண்டு, உடுப்பிட்டியில், எங்கள் வீட்டு நடு அறையில். ஏழாம் மாதத்துப் பிள்ளை தங்கும், எட்டாம் மாதத்துப் பிள்ளை தங்காது என்பது எங்கள் ஊரின் பழைய நம்பிக்கை. பண்டைய கிரேக்க வைத்திய நூல்களிலும் இதே கருத்து உண்டென்று பின்னாளில் வாசித்தபோது வியந்தேன். அம்மம்மா மட்டும் அதை ஏற்கவில்லையாம். என்னைப் பஞ்சிலும் பழஞ்சீலையிலும் சுற்றி, அம்மாவின் நெஞ்சிலிருந்து இறக்கவே விடவில்லை. நிறுத்துப் பார்க்கத் தராசு இருக்கவில்லை. ஆகவே என் எடை எவருக்கும் தெரியாது.

1978இல் கொலம்பியாவின் பொகோற்றா நகர வைத்தியசாலையொன்றில், இன்கியூபேற்றர்கள் போதாமையால், குறைமாதக் குழந்தைகளைத் தாயின் மார்போடு அணைத்து வைக்கும் முறையை வைத்தியர்கள் தொடங்கினர். கங்காரு முறை என்று இன்று உலகம் முழுவதும் அறியப்படுவது அதுவே. அம்மம்மாவுக்காக நான் முன்னுரிமை கோரப் போவதில்லை. ஆனால் வசதியற்ற இடத்தில் பணிபுரிந்தவர்களுக்கே அந்த வழி புலப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும்.

குறைமாதக் குழந்தையின் முதல் எதிரி மூச்சு. நுரையீரலின் நுண்ணிய காற்றறைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் காக்கும் ஒரு பொருள் கருப்பையின் கடைசி வாரங்களிலேயே போதிய அளவு சுரக்கிறது. இக்குழந்தைகளிடம் அது குறைவென்பதை 1959இல் வெளிப்படுத்தியவர்களுள் முதன்மையானவர் மேரி எலன் ஏவரி என்ற பெண் வைத்தியர். அது தெரிந்திருந்தும் நான்கு ஆண்டுகளின் பின்னர், அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் மகன் ஐந்தரை வாரம் முந்திப் பிறந்து இரண்டே நாளில் இறந்தான். அன்று உலகில் எவரிடமும் மருந்து இருக்கவில்லை.

அண்மைக்கால ஆய்வொன்றே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. இரத்தத்தில் ஒட்சிசன் எவ்வளவு என்பதைத் தோலினூடாக ஒளி பாய்ச்சிக் கணிக்கும் சிறு கருவியைக் கொரோனாக் காலத்தில் பலரும் விரலில் மாட்டியிருப்பீர்கள். கறுத்த தோலில் அக்கருவி சில வேளை உண்மையிலும் கூடிய அளவைக் காட்டிவிடும். 1990இலேயே இதைச் சுட்டிக்காட்டினர். பெரிதாக எவரும் பொருட்படுத்தவில்லை. 2020இல் வெளியான அமெரிக்க ஆய்வு, மறைந்து கிடக்கும் ஒட்சிசன் குறைபாடு கறுப்பின நோயாளரிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாகத் தவறவிடப்படுவதைக் கண்டது. 2022இல் சென் லூயிஸ் நகரில் சிசு வைத்திய நிபுணர்கள், 32 வாரங்களுக்கு முன் பிறந்த குழந்தைகளிடமும் இதே சாய்வைக் கண்டனர். வேறுபாடு சிறியதுதான். ஆயினும் ஒட்சிசன் கூடினால் கண்ணுக்கும் குறைந்தால் உயிருக்கும் ஆபத்தான அக்குழந்தைகளுக்குச் சிறிய வேறுபாடும் சிறியதன்று. கருவியைச் சோதித்தபோது கறுத்த விரல்கள் போதிய அளவு அங்கே இருக்கவில்லை. கேள்வி கேட்கும் கறுத்த வைத்தியரும் அதிகம் இருந்திருக்கமாட்டார்.

வைத்தியராக யார் வருகிறார்கள் என்ற கேள்வி யாழ்ப்பாணத்துக்குப் புதிதன்று. 1847இல் வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், ஆங்கிலத்தில் கற்றவர்கள் அரசாங்க உத்தியோகம் தேடி வெளியூர் போய்விடுவதைக் கண்டு, மானிப்பாயில் தமிழிலேயே மேலைமருத்துவம் கற்பித்தார். 1857இல் வெளிவந்த பிரசவ வைத்தியம் அவர் முயற்சியில் உருவான நூல்களுள் ஒன்று. 60க்கும் மேற்பட்டோரைப் பயிற்றுவித்துவிட்டு 1873இல் நாடு திரும்பினார். அவர் மாணவர் அனைவரும் ஆண்களே! பிரசவ அறைக்குள் ஆண் வைத்தியரை அனுமதிக்கத் தயங்கிய சமூகத்தில், தமிழில் இருந்த அந்த நூல் எத்தனை தாய்மாருக்குப் பயன்பட்டிருக்கும்?

பெண் வைத்தியர் வந்தபோதும் கதை நேராகச் செல்லவில்லை. இணுவிலில் பெண்களுக்கான மருத்துவப் பணிக்கென 1896இல் அனுப்பப்பட்ட கனடியப் பெண்மணி மேரி இர்வின், தமிழரான சாமுவேல் கிறிஸ்மஸ் கனகரத்தினத்தை மணக்க முடிவு செய்ததால் மிசன் பணியில் நீடிக்க முடியவில்லை. கொழும்பு சென்ற அவரே மேரி ரட்ணம் என்ற பெயரில் மாதர் இயக்கத்தை வளர்த்து, 1958இல் மக்சேசே விருதும் பெற்றார். யாழ்ப்பாணத்துக்கு அவர் கிடைக்காமற் போனார்.

அடுத்தது எங்கள் தலைமுறையின் காயம். 1971 பல்கலைக்கழக அனுமதியில் மருத்துவத்துக்குத் தமிழ்மொழி மூல மாணவருக்கு 400க்கு 250 புள்ளியும், சிங்களமொழி மூலத்தினருக்கு 229 புள்ளியும் தேவைப்பட்டன. 1974இல் மாவட்ட ஒதுக்கீடும் சேர்ந்தது. என் பெரியம்மாவின் மகன் அவ்வாண்டு மருத்துவம் கிடைக்காமல் விலங்கியல் ஆசிரியரானார். மொழியை வைத்துப் புள்ளியை வேறுபடுத்தியது அநீதி. அதில் எனக்கு இரண்டு கருத்தில்லை. ஆனால் மாவட்ட ஒதுக்கீடு மட்டக்களப்புக்கும் வன்னிக்கும் சில கதவுகளைத் திறந்தது என்பதை யாழ்ப்பாணத்தார் நாங்கள் பேச விரும்புவதில்லை. வன்னிக் கிராமங்களில் பணியாற்ற எங்களில் எத்தனை பேர் விரும்பிச் சென்றோம்?

1978இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவபீடம் தொடங்கியது. பின்னர் போர். பரீட்சை எழுதவே பிள்ளைகள் உயிரோடு இருக்க வேண்டிய காலம். 40 வீதம் திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்கள் என்று அனுமதி விதி பின்னர் அமைந்தபோது, அந்தப் பதினாறில் யாழ்ப்பாணமும் ஒன்றாக இடம்பெற்றது.

உடுப்பிட்டிக்குச் சென்றிருந்தபோது அண்ணனிடம் இதைச் சொன்னேன். அவருக்கு முன்னமே தெரிந்திருந்தது. தன்னிடம் விலங்கியல் படித்த பிள்ளைகளுள் அந்த ஐந்து வீதத்தில் மருத்துவபீடம் புகுந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். ஒருத்தி இப்போது சிசுப் பிரிவில் வேலை செய்கிறாளாம்.