ஏறும் வழி

மலையில் இருப்பவனுக்குக் கடல் மீது ஆசை. கடற்கரையில் இருப்பவனுக்கு மலை மீது ஆசை. கூடலூர் நண்பர்கள் சிலர் கூட்டாகச் சேர்ந்து, முதுகில் காற்றுக் குப்பியைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கிப் பவழப்பாறைகளைப் பார்க்க உத்தேசித்திருக்கிறார்கள். லட்சத்தீவா, அந்தமானா, முருடேஸ்வரத்துக்கு எதிரே கடலில் இருக்கும் நேத்ராணியா என்று விவாதம் நடக்கிறது. எத்தனை பேர், எத்தனை நாள், தலைக்கு என்ன செலவு என்றெல்லாம் கணக்குப் போட்டாகிவிட்டது. எல்லாம் இறங்குவதைப் பற்றிய கணக்கு. ஆனால் மூழ்கும் தொழிலின் சரித்திரத்தைப் புரட்டினால், அது முழுவதும் மேலே வருவதைப் பற்றிய சரித்திரமாகவே இருக்கிறது.

கூட்டாகத் திட்டம் போட்டு மூழ்கப் போவது நமக்குப் புதிதல்ல. மன்னார் வளைகுடாவில் அது பல நூற்றாண்டுக் காரியம். பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ அதை விவரமாகவே சொல்லியிருக்கிறார். வியாபாரிகள் கூட்டுச் சேர்ந்து மூழ்குவோரை அமர்த்துவார்கள். கிடைப்பதில் 10 இல் ஒரு பங்கு அரசனுக்கு. பெரிய மீன்கள் ஆளைத் தீண்டாதபடி மந்திரத்தால் கட்டுகிறவர்களுக்கு 20 இல் ஒரு பங்கு. பிற்காலத்தில் ஆங்கில சர்க்கார் இதை இன்னும் ஒழுங்கு செய்தது. சிப்பி விளையும் 'பார்'களை முதலில் சோதிப்பார்கள். மாதிரிச் சிப்பிகளை எடுத்து முத்தை மதிப்புப் போடுவார்கள். லாபம் உண்டென்று தெரிந்தால்தான் தேதி அறிவிப்பார்கள். அந்தச் சில வாரங்களுக்கு வெறும் மணல்வெளியில் ஓலைக் குடிசைகளால் ஒரு பட்டணமே எழும்பிவிடும். தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை நடந்த முத்துக்குளிப்புதான் கடைசி. பிறகு சிப்பி அற்றுப் போயிற்று.

சுழியோடி இறங்குவதற்குக் கனத்த கல் ஒன்று உண்டு. காலைக் கல்லில் பொருத்தி, மூக்கைப் பொத்திக்கொண்டால் கண நேரத்தில் அடி மணலுக்குப் போய்விடலாம். ஒரு நிமிஷம், மிஞ்சினால் சற்றுக் கூடுதல். அதற்குள் சிப்பியை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு கயிற்றை அசைப்பான். தோணியில் இருப்பவன் உடனே இழுக்க வேண்டும். அவன் கொஞ்சம் கண் அயர்ந்தாலும் கீழே இருப்பவன் உயிர் போயிற்று. ஆகையால், கயிறு பிடிக்க மைத்துனனைத்தான் நிறுத்துவார்கள் என்று அந்தக் கரையில் சொல்வது வழக்கம். அண்ணன் தம்பிக்குச் சொத்தில் கண் இருக்கலாம். மைத்துனனோ கூடப்பிறந்தவளின் தாலியை நினைத்துக்கொண்டல்லவா கயிற்றைப் பிடிப்பான்? இன்றும் பயிற்சி கொடுப்பவர்கள், இருவர் இருவராகத்தான் இறங்க வேண்டும், ஒருவர் குப்பியில் எவ்வளவு காற்று மிச்சம் என்று மற்றவர் கவனிக்க வேண்டும் என்கிறார்கள். கயிறு போய்விட்டது, மைத்துனன் போகவில்லை.

1943 இல் பிரான்ஸில் ஜாக் கூஸ்தோவும் எமில் காஞானும் செய்த கருவி, மூச்சடக்கும் சிரமத்தை நீக்கியது. குப்பியில் அடைத்த காற்றை, ஆழத்தின் அழுத்தத்துக்கு ஏற்றபடி அது அளந்து கொடுக்கும். ஆனால் நீண்ட நேரம் கீழே இருப்பவனுக்கு வேறொரு ஆபத்து உண்டு. 10 மீட்டர் இறங்கினாலே அழுத்தம் இரு மடங்காகிறது. அந்த அழுத்தத்தில் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் உடம்பில் கரைந்து தங்குகிறது. அவசரமாக மேலே வந்தால், கோலி சோடாவைத் திறந்ததும் பொங்குவது போல அது குமிழியிடும். மூட்டு வலி, பக்கவாதம், சில சமயம் மரணம்.

இந்தக் குப்பி வருவதற்கு வெகு காலம் முன்பே மனிதன் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டிருந்தான். நியூயார்க்கில் புரூக்ளின் பாலத்துக்கு அஸ்திவாரம் தோண்ட, அழுத்தக் காற்று நிரப்பிய பெரும் பெட்டிகளுக்குள் ஆற்றடியில் ஆட்கள் வேலை செய்தார்கள். பலர் இந்த வியாதியால் அவதிப்பட்டார்கள். தலைமை எஞ்சினீயர் வாஷிங்டன் ரோப்ளிங்கே 1872 இல் முடங்கிப் போனார். காரணம் நைட்ரஜன்தான் என்று 1878 இல் பால் பேர் காட்டினார். ஆடுகளை வைத்துச் சோதனை செய்து, எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் தங்கித் தங்கி ஏற வேண்டும் என்ற அட்டவணையை ஹால்டேன் 1908 இல் வெளியிட்டார்.

சமவெளிக்காரனுக்கு நீர்மட்டத்தோடு ஏற்றம் முடிந்தது. கூடலூர்க்காரனுக்கு முடியவில்லை! ஊர் சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; ஊட்டி வழியாகத் திரும்பினால் 2,200 மீட்டரைத் தொட வேண்டும். உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறையும். உடம்பில் எஞ்சிய நைட்ரஜன் மறுபடி பொங்கும். பலமுறை மூழ்கியவர்கள் விமானம் ஏறுவதற்கு 18 மணி நேரமாவது காத்திருக்க வேண்டும் என்பது வழக்கிலுள்ள விதி. மலையேறும் பஸ்ஸுக்கும் அந்த ஜாக்கிரதை வேண்டும். கொச்சியிலோ மங்களூரிலோ ஒரு முழு நாள் சும்மா சுற்றிவிட்டு வருவது உத்தமம். செலவுக் கணக்கில் அந்த ஒரு நாளையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

எப்படி ஏறுகிறோம் என்பது ஒன்று. கையில் என்ன கொண்டு ஏறுகிறோம் என்பது மற்றொன்று. மறுபடியும் மன்னார் வளைகுடாவுக்கே வருவோம். ராமேஸ்வரம் தொடங்கித் தூத்துக்குடி வரை 21 தீவுகள். அவற்றைச் சுற்றிலும் பவழப்பாறை. பார்ப்பதற்குக் கல்லானாலும் அது சின்னஞ்சிறு பிராணிகள் சுண்ணாம்பால் கட்டிய வீடு. 1969 ஜனவரியில் மண்டபத்தில் அறிஞர்கள் கூடிப் பவழப்பாறைகளைப் பற்றிப் பல நாள் பேசினார்கள். அதே காலத்தில் அதே கடலில் கடப்பாரையால் பாறையைப் பெயர்த்துத் தோணி தோணியாகச் சுண்ணாம்புக் காளவாய்க்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அலையைத் தடுத்து நின்ற சுவர் போனால் பின்னாலிருக்கும் மணல் நிற்குமா? பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. தூத்துக்குடிக்கு அருகே வான் தீவு 1969 இல் சுமார் 20 ஹெக்டேர். 2015 வாக்கில் 2 ஹெக்டேர் கூட இல்லை. பிறகு செயற்கைப் பாறைகளை இறக்கி அதைக் காப்பாற்ற வேண்டியதாயிற்று.

1986 இல் இந்தத் தீவுகள் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாயின. 2001 இல் பாறை கட்டும் பவழங்களை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். அந்த அட்டவணையில்தான் புலியும் இருக்கிறது. இது கூடலூர்க்காரனுக்கு எளிதில் புரியும். 1940 இல் சரணாலயமான முதுமலை அவன் வீட்டு வாசல். அங்கே காவல் காக்கும் வனத்துறையே இங்கே கடலுக்கடியிலும் காவல். காட்டுக்குள் போய் வருகிறவன், கண்டதைச் சொல்லிச் சந்தோஷப்படுகிறானே தவிர, மடியில் கட்டிக்கொண்டு வருவதில்லை.

முன்பெல்லாம் சுழியோடி மேலே வந்ததும் தோணியில் இருப்பவர்கள் அவன் பையைத்தான் பார்த்தார்கள். பை நிறைந்திருந்தால் கெட்டிக்காரன். இனி அந்தக் கணக்கு செல்லாது. மெதுவாக ஏறி, கூட வந்தவனையும் அழைத்துக்கொண்டு, வெறும் கையோடு வருகிறவன்தான் கெட்டிக்காரன்.