மேட்வைஃபை இடையக வழிவுப் பிழை

மேட்வைஃபை இடையக வழிவுப் பிழை என்பது, லினக்ஸ் இயங்குதளத்தில் ஏதெரோஸ் நிறுவனத்தின் சில்லுகளைக் கொண்ட கம்பியில்லா வலையமைப்பு அட்டைகளை இயக்கி வந்த மேட்வைஃபை என்னும் சாதன இயக்கியில் இருந்த நினைவகப் பாதுகாப்புப் பிழை ஆகும். 0.9.2 பதிப்பிலும் அதற்கு முந்தைய பதிப்புகளிலும் காணப்பட்ட இப்பிழை, 2006 டிசம்பர் 7 அன்று வெளியிடப்பட்ட 0.9.2.1 பதிப்பில் திருத்தப்பட்டது. மென்பொருட் பாதிப்புகளுக்கான பன்னாட்டுப் பட்டியலில் இது சிவிஇ-2006-6332 என்னும் எண்ணைப் பெற்றுள்ளது. கணினியின் வானலை எல்லைக்குள் இருக்கும் எவரும், கடவுச்சொல் எதுவும் அறியாமலேயே, அக்கணினியின் கருனிக்குள் தமது நிரலை ஓட்டுவதற்கு இப்பிழை வழி திறந்தது.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் தேனிக் கிளைக்கும் அதனைச் சூழ்ந்த ஊர்களின் கண் பரிசோதனை நிலையங்களுக்கும் இடையே 2000களின் நடுப்பகுதியில் அமைக்கப்பட்ட நெடுந்தொலைவு கம்பியில்லா வலையமைப்பும் இதே இயக்கியை அடிப்படையாகக் கொண்டிருந்தது.

மேட்வைஃபை இயக்கி

இயங்குதளத்தின் கருனிக்கும் வன்பொருளுக்கும் இடையே நின்று மொழிபெயர்க்கும் நிரலே சாதன இயக்கி எனப்படுகிறது. வலையமைப்பு அட்டையின் இயக்கி, காற்றில் வந்து சேரும் சட்டகங்களைப் பெற்று, அவற்றைப் பிரித்துப் படித்து, மேலடுக்குகளுக்கு அனுப்புகிறது. இது கருனியின் உள்ளேயே இயங்குவதால் கருனிக்குரிய முழு அதிகாரமும் இதற்கு உண்டு. சாதாரணச் செயலி ஒன்று பிழைபட்டால் அச்செயலி மட்டுமே நின்றுவிடும். இயக்கி பிழைபட்டாலோ கணினி முழுவதும் உறைந்துவிடலாம், அல்லது பிறர் கைக்குப் போய்விடலாம்.

பிரீபிஎஸ்டி இயங்குதளத்தில் ஏதெரோஸ் அட்டைகளுக்கான இயக்கியை எழுதிய சாம் லெஃப்லர் என்பவரின் பணியிலிருந்தே மேட்வைஃபை உருவானது. இது இரு பகுதிகளைக் கொண்டது. 802.11 நெறிமுறையைக் கையாளும் பகுதி திறந்த மூலநிரலாக, பிஎஸ்டி, குனூ பொது உரிமம் ஆகிய இரண்டின் கீழும் வழங்கப்பட்டது. சில்லின் பதிவகங்களை நேரடியாகத் தொடும் பகுதி வன்பொருள் அருவ அடுக்கு எனப்பட்டது. அது மூலநிரல் இன்றி இருமக் கோப்பாக மட்டுமே கிடைத்தது. மூடப்பட்ட இப்பகுதியின் காரணமாக மேட்வைஃபை லினக்ஸ் கருனியின் அதிகாரபூர்வ மூலநிரலில் சேர்க்கப்படவில்லை. பயனர்கள் அதனைத் தனியே பதிவிறக்கி, கருனியைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் மீண்டும் தொகுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. பிழைத்திருத்தங்கள் கருனிப் புதுப்பிப்புடன் தாமாக வந்து சேராததற்கும் இதுவே காரணம்.

தேனி வலையமைப்பு

அரவிந்த் கண் மருத்துவமனையை மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976 ஆம் ஆண்டில் மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கினார். அதன் தேனிக் கிளை 1985 ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. (தேனி அப்போது மதுரை மாவட்டத்தின் பகுதியாக இருந்தது, 1996 ஆம் ஆண்டிலேயே தனி மாவட்டமானது.) கண் நோயுள்ள கிராமத்து மக்கள், பெரும்பாலும் முதியவர்கள், ஒரு நாள் கூலியை இழந்து பேருந்தேறி நகரத்துக்கு வருவதைத் தவிர்ப்பதற்காகச் சிறு பரிசோதனை நிலையங்கள் ஊர்களில் திறக்கப்பட்டன. நிலையத்தில் பயிற்சி பெற்ற பணியாளர் நோயாளியைப் பரிசோதிப்பார். தேனியில் இருக்கும் மருத்துவர் நிகழ்படத்தின் வழியாக நோயாளியுடன் பேசி முடிவு சொல்வார். இதற்குத் தேவையான தரவு வேகத்தை அப்பகுதியின் தொலைபேசிக் கம்பிகள் தரவில்லை. மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் சில ஆண்டுகளுக்கு முன்னர், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் உருவான கார்டெக்ட் கம்பியில்லாத் தொலைபேசித் தொழில்நுட்பத்தின் வழியாகக் கிராமங்களுக்கு இணையம் கொண்டுசெல்லப்பட்டிருந்தது. ஆயினும் அதன் வேகம் தெளிவான நிகழ்பட உரையாடலுக்குப் போதுமானதன்று.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் எரிக் புரூவர் தலைமையில் இயங்கிய ஆய்வுக் குழு, விலை மலிந்த வைஃபை அட்டைகளையே நெடுந்தொலைவுக்குப் பயன்படுத்தும் முறையை இங்கு நிறுவியது. ஆண்டிபட்டி, போடிநாயக்கனூர், சின்னமனூர், பெரியகுளம், அம்பாசமுத்திரம் ஆகிய ஐந்து ஊர்களின் நிலையங்கள் தேனி மருத்துவமனையுடன் இணைக்கப்பட்டன. ரபின் பத்ரா, செர்ஜியு நெதெவ்ஷி, சோனேஷ் சுரானா, லட்சுமிநாராயணன் சுப்பிரமணியன் உள்ளிட்டோர் 2007, 2008 ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைகள் இவ்வலையமைப்பை விரிவாக விளக்குகின்றன. அதில் 11 கம்பியில்லாத் திசைவிகளும் 9 இணைப்புகளும் இருந்தன. இணைப்புகளின் நீளம் 1 கிலோமீட்டர் முதல் 15 கிலோமீட்டர் வரை வேறுபட்டது. சில திசைவிகள் கோபுரங்களிலும், சில கட்டடங்களின் மேல்தளத்திலும், ஒன்று நூற்பாலை வளாகத்துப் புகைபோக்கியின் மீதும் பொருத்தப்பட்டிருந்தன.

இத்தொலைவுகளுக்கு வழக்கமான வைஃபை நெறிமுறை ஏற்றதன்று. ஒவ்வொரு பொதிக்கும் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையை அனுப்புநர் உடனே எதிர்பார்ப்பார். 15 கிலோமீட்டரைக் கடந்து திரும்பி வர ஒளியின் வேகத்திலும் ஏறத்தாழ 100 மைக்ரோநொடி ஆகும். அதற்குள் அனுப்புநர் காத்திருப்பை முடித்துக்கொண்டு, சென்றடைந்த பொதியையே மறுபடி அனுப்பத் தொடங்கிவிடுவார். எனவே ஆய்வாளர்கள் மேட்வைஃபை இயக்கியை மாற்றி, பொதிதோறும் ஒப்புகை பெறுவதையும், அலைவரிசை வெறுமையாக உள்ளதா எனக் கேட்டறிந்து அனுப்பும் முறையையும் நிறுத்தினர். மாற்றாக, இரு முனைகளும் நேரத்தைப் பங்கிட்டு முறைவைத்து அனுப்பும் நெறிமுறையை மேலே அமைத்தனர். வேகம் இதனால் இரண்டு முதல் ஐந்து மடங்கு வரை உயர்ந்தது. திறந்த மூலநிரல் இன்றி இதனைச் செய்திருக்க இயலாது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. இவ்வாறு மாற்றப்பட்ட மூலநிரற் கிளையொன்றுக்கு மூலத்திட்டத்தின் திருத்தங்கள் தாமாக வருவதில்லை. ஒவ்வொன்றையும் எவரேனும் படித்து, பொருத்தி, சோதித்து, களத்தில் உள்ள கருவிகளில் ஏற்ற வேண்டும். புதிய இயக்கி ஏற்றும்போது கோபுரத்தின் உச்சியில் உள்ள திசைவி எழாமற்போனால், ஒருவர் கருவிகளுடன் ஏறித்தான் ஆக வேண்டும். அதுவரை அந்த ஊரின் நோயாளிக்கு மருத்துவர் இல்லை. ஆதலால் களப் பொறியாளர்கள் இயன்றவரை புதுப்பித்தலைத் தள்ளிப்போடுவது இயல்பு. மேசைக் கணினியில் ஒரு நிமிட வேலையாக முடியும் திருத்தம் இத்தகைய இடங்களில் பெருஞ்செயலாகிவிடுகிறது.

பிழையின் தன்மை

வைஃபை அணுகுநிலையம் ஒன்று தன் இருப்பை அறிவிக்க, நொடிக்குப் பலமுறை அறிவிப்புச் சட்டகங்களை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். வலையமைப்பின் பெயர், வேகங்கள், மறையாக்க முறை முதலியன இச்சட்டகங்களில் தகவல் உறுப்புகளாக வரிசையாக அமைந்திருக்கும். ஒவ்வோர் உறுப்பின் முதல் பைட்டு அது எவ்வகை என்பதையும், இரண்டாம் பைட்டு அதன் நீளத்தையும் குறிக்கும். பின்னர் தரவு வரும். நீளத்துக்கு ஒரே பைட்டு என்பதால் தரவு அதிகபட்சம் 255 பைட்டுகளாகவும், உறுப்பு முழுவதும் 257 பைட்டுகளாகவும் இருக்கலாம்.

பயனரின் செயலி அருகில் உள்ள வலையமைப்புகளைத் தேடும்படி கேட்டால், மேட்வைஃபை தான் சேகரித்த தகவல் உறுப்புகளைப் பதினறும எழுத்துகளாக மாற்றித் தரும். ஒரு பைட்டுக்கு இரண்டு எழுத்துகள் என்பதால் 257 பைட்டுகள் 514 எழுத்துகளாக விரியும். இவற்றை எழுதுவதற்கு இயக்கி ஒதுக்கியிருந்த இடையகமோ, வழக்கமான சிறிய உறுப்புகளை மனத்திற்கொண்டு அளவிடப்பட்டிருந்தது. உறுப்பு தானே அறிவித்துக்கொள்ளும் நீளம் இந்த இடையகத்தில் அடங்குமா என்பது உரியவாறு சரிபார்க்கப்படவில்லை.

நாழி கொள்ளும் பாத்திரத்தில் குறுணி நெல்லைக் கொட்டினால் மிகுதி தரையில் சிந்தும். நினைவகத்தில் சிந்துவதற்குத் தரை இல்லை. அடுத்திருக்கும் பாத்திரத்தில்தான் விழும். மேட்வைஃபையின் இந்த இடையகம் கருனியின் அடுக்கு நினைவகத்தில் அமைந்திருந்தது. ஒரு செயற்கூறு முடிந்ததும் எந்த முகவரிக்குத் திரும்ப வேண்டும் என்ற குறிப்பும் அதே அடுக்கிலேயே வைக்கப்படுகிறது. வழிந்த தரவு அக்குறிப்பின் மீது விழுந்தால், செயலகம் தாக்குபவர் காட்டும் இடத்துக்குத் திரும்பும். தாறுமாறான தரவு விழுந்தால் கணினி நின்றுபோகும். கவனமாகத் தொடுத்த தரவு விழுந்தால் அது தாக்குபவரின் கட்டளைகளை நிறைவேற்றத் தொடங்கும்.

மறையாக்கம் இங்கு பாதுகாப்பளிக்கவில்லை. அறிவிப்புச் சட்டகங்கள் எந்த வலையமைப்பிலும் இணைவதற்கு முன்னரே படிக்கப்படுபவை. மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, அருகில் என்ன வலையமைப்புகள் உள்ளன எனப் பார்த்தாலே போதும். மடிக்கணினிகளின் வலையமைப்பு மேலாண்மைச் செயலிகள் இத்தேடலைப் பயனர் கேளாமலேயே அவ்வப்போது செய்துகொண்டிருந்தன.

கண்டறிதல்

பிரான்சு டெலிகாம் நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவைச் சேர்ந்த லோரன் பூத்தி, ஜெரோம் ராஸ்னியூஸ்கி, ஜூலியன் தின்னே ஆகியோர் இப்பிழையைக் கண்டறிந்தனர். நெறிமுறைக்கு ஏறத்தாழ ஒத்த, ஆனால் வேண்டுமென்றே பிறழ்ந்த சட்டகங்களை ஆயிரக்கணக்கில் உருவாக்கிக் காற்றில் அனுப்பி, எது இயக்கியை வீழ்த்துகிறது எனக் காணும் குழப்புச் சோதனை முறையில் பூத்தி அக்காலத்தில் ஈடுபட்டிருந்தார். 2007 ஆம் ஆண்டு ஐரோப்பிய பிளாக் ஹேட் மாநாட்டில் அம்முறையை விளக்கினார்.

கம்பியில்லா இயக்கிகள் மீது பாதுகாப்பு ஆய்வாளர்களின் கவனம் திரும்பிய ஆண்டு 2006. அவ்வாண்டு ஆகஸ்டில் அமெரிக்க பிளாக் ஹேட் மாநாட்டில் மடிக்கணினி ஒன்றை அதன் வைஃபை இயக்கியின் வழியாகக் கைப்பற்றும் செயல்விளக்கம் காட்டப்பட்டது. நவம்பரில் பிராட்காம் நிறுவனத்தின் விண்டோஸ் இயக்கியில், நீண்ட வலையமைப்புப் பெயரால் ஏற்படும் வழிவு வெளியானது. மேட்வைஃபை பிழை அதற்கடுத்த மாதமே அறிவிக்கப்பட்டது.

திருத்தம்

தகவல் உறுப்புகளைக் கையாளும் இடத்தில் நீளச் சோதனையைச் சேர்ப்பதே திருத்தத்தின் சாரம். காற்றிலிருந்து வந்த நீளம் எவ்வளவாயினும், இடையகத்தின் எல்லைக்கு அப்பால் ஒரு பைட்டும் எழுதப்படக்கூடாது. சொல்லும்போது எளிதாகத் தோன்றும் இவ்விதியில் நிரலாளர் தவறும் இடங்கள் பல. சி மொழியில் ஒரு சுழலுக்குள் எழுத்துகளை எழுதிச் செல்லும்போது, எஞ்சிய இடம் எவ்வளவு என்னும் கணக்கையும் ஒவ்வொரு சுற்றிலும் குறைத்துக்கொண்டே வர வேண்டும். குறைக்க மறந்தால் சோதனை இருந்தும் பயனில்லை. முடிவுக் குறிக்கான ஒரு பைட்டையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இவற்றைச் சி மொழி தானே கவனிப்பதில்லை.

பிழை திறந்த மூலநிரற் பகுதியில் இருந்தமையால், எவரும் அதனைப் படித்துப் பார்த்துத் திருத்த முடிந்தது. மூடிய இருமக் கோப்பில் இருந்திருப்பின் ஏதெரோஸ் நிறுவனத்தையே எதிர்பார்த்திருக்க நேர்ந்திருக்கும்.

ஜென்டூ, சூசே, உபுண்டு முதலிய வழங்கல்கள் 2006 டிசம்பரிலும் 2007 சனவரியிலும் தம் பயனர்களுக்குத் திருத்தப்பட்ட பொதிகளை அளித்தன. இப்பிழையைப் பயன்படுத்தும் தாக்குநிரல் மெட்டாஸ்பிளாய்ட் என்னும் சோதனைக் கருவித்தொகுப்பிலும் சேர்க்கப்பட்டது. ஆகவே, புதுப்பிக்காத கணினிகளைத் தாக்கப் பெரிய தேர்ச்சி தேவைப்படவில்லை.

பின்னர் கண்டறியப்பட்டவை

2007 மே மாதம் வெளியான 0.9.3.1 பதிப்பு மேலும் மூன்று பிழைகளைத் திருத்தியது. விரைவுச் சட்டகங்களுக்குள் பொதிந்த நீளப் புலம் ஒன்றைப் பிழையாக அமைத்தால் கணினி உறைந்தது. அறிவிப்பு இடைவெளியைக் குறிக்கும் எண்ணைத் திரித்தால் சுழியால் வகுக்கும் நிலை ஏற்பட்டது. அணியின் சுட்டெண்ணாக எதிர்ம எண்ணைக் கொடுத்து உள்ளூர்ப் பயனர் கருனியின் நினைவகத்தைப் படிக்க முடிந்தது. அதே ஆண்டு அக்டோபரில் அறிவிக்கப்பட்ட மற்றொரு பிழையிலும் தகவல் உறுப்பின் நீளமே காரணம்: விரிவுபடுத்திய வேகங்களைக் கூறும் உறுப்பில் பெரிய நீளத்தை எழுதினால் கருனி நின்றுபோனது. ஒரு பிழையைத் திருத்துகையில் அதன் இனத்தைச் சேர்ந்தவற்றையும் தேடுவது ஏன் வேண்டும் என்பதற்கு இவ்வரிசை தக்க சான்று.

லினக்ஸ் கருனியின் அதிகாரபூர்வ மூலநிரலில் 2008 ஆம் ஆண்டில் ஏத்5கே, ஏத்9கே என்னும் முழுவதும் திறந்த இயக்கிகள் இணைந்த பின்னர் மேட்வைஃபையின் தேவை அற்றுப்போனது. ஏதெரோஸ் நிறுவனமும் அதே ஆண்டில் தனது வன்பொருள் அருவ அடுக்கின் மூலநிரலை வெளியிட்டது. புதிய இயக்கிகள் 802.11 நெறிமுறையைத் தனித்தனியே கையாளாமல், கருனியின் பொதுவான மேக்80211 பகுதியிடம் அப்பணியை ஒப்படைத்தன. இதனால் ஒரே இடத்தில் செய்யும் திருத்தம் பல நிறுவனங்களின் அட்டைகளுக்கும் பயன்படுகிறது. ஒரே இடத்தில் நேரும் பிழையும் அவ்வாறே எல்லாவற்றையும் பாதிக்கிறது. 2022 அக்டோபரில் மேக்80211 பகுதியில், அறிவிப்புச் சட்டகங்களின் தகவல் உறுப்புகளைக் கையாளும் இடத்தில் இடையக வழிவு ஒன்று கண்டறியப்பட்டு, லினக்ஸ் 5.19.16 பதிப்பில் திருத்தப்பட்டது. அதுவும் குழப்புச் சோதனை வழியாகவே வெளிப்பட்டது. எல்லை மீறலைத் தடுக்கும் ரஸ்ட் மொழியில் கருனிப் பகுதிகளை எழுதுவதற்கான தொடக்க ஆதரவு 2022 டிசம்பரில் வெளியான லினக்ஸ் 6.1 பதிப்பில் சேர்க்கப்பட்டது.